கிரெடிட் கார்டு வட்டியைக் குறைப்பது எப்படி? வங்கி குறைக்காது, கடனை இடம் மாற்ற வேண்டும்

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு "வட்டியைக் கொஞ்சம் குறைங்க" என்று கேட்டால் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "சாரி சார், அந்த ஆப்ஷன் இல்லை." எதிர்முனையில் இருப்பவர் பொய் சொல்லவில்லை. அமெரிக்க வீடியோக்களில் காட்டுவதுபோல் போனிலேயே பேரம் பேசி வட்டியைக் குறைப்பது அங்கே நடக்கும். அங்கே ஆளுக்கு ஆள், கிரெடிட் ஸ்கோருக்கு ஏற்ப வட்டி மாறுகிறது. இந்தியாவில் பெரும்பாலும் கார்டின் ரகத்துக்குத்தான் வட்டி. ஒரே ரகக் கார்டு வைத்திருக்கும் நல்ல ஸ்கோர்காரருக்கும் சுமார் ஸ்கோர்காரருக்கும் மாதம் 3.5% அல்லது 3.75% என்று ஒரே எண்தான் ஓடும்.

சட்டத்தைக் காட்டிக் குறைக்கவும் வழியில்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. வாட்ஸ்அப்பில் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கும் "30 சதவீதத்துக்கு மேல் கேட்டால் கேஸ் போடுங்கள்" என்ற ஃபார்வர்டை நம்பி மாதங்களை வீணாக்க வேண்டாம்.

மிச்சம் இருப்பவை மூன்று வழிகள். கடனைக் குறைந்த வட்டி உள்ள இடத்துக்கு மாற்றுவது, கட்டும் தேதியை முன்னால் இழுப்பது, வங்கி போட்ட கணக்கே தப்பாக இருந்தால் அதைத் தட்டிக் கேட்பது.

முதலில், உண்மையில் எவ்வளவு வட்டி கட்டுகிறீர்கள்?

ஸ்டேட்மென்ட்டில் மாதம் 3.75% என்று இருந்தால் ஆண்டுக்கு 45%. அதோடு முடியவில்லை. கார்டு வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. 3.75 மாதத்துக்கு 4.425 ஆகிறது, 12 மாதத்துக்கு 53.1%. ஒரு லட்சம் நிலுவை அப்படியே கிடந்தால் ஒரு வருடத்துக்கு 53,100 ரூபாய்.

இந்த ஜிஎஸ்டி விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் முக்கியமாகும். சாதாரணக் கடன்களின் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. நகைக்கடன், தனிநபர் கடன், வீட்டுக் கடன் எதற்கும் வட்டியில் வரி இல்லை. கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு. கார்டிலேயே இஎம்ஐ ஆக மாற்றினாலும் அந்த வட்டியின் மேல் வரி விழும்.

அடுத்தது, வட்டி எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பது. பெரும்பாலானோர் ஏமாறும் இடம் இது. ஸ்டேட்மென்ட் தேதி (பில் போடும் நாள்) 10, டியூ டேட் (கட்ட வேண்டிய கடைசி நாள்) 30 என்று வையுங்கள். மார்ச் 12-ல் 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கினீர்கள். ஏப்ரல் 10 ஸ்டேட்மென்ட்டில் 40,000 வந்தது. ஏப்ரல் 30-ல் 35,000 கட்டிவிட்டு 5,000 பாக்கி வைத்தீர்கள். "ஐயாயிரத்துக்குத்தானே வட்டி, அதுவும் ஏப்ரல் 30-க்குப் பிறகுதானே" என்று மனக்கணக்கு போடுவோம். முழுத் தொகையையும் கட்டாத அந்த நொடியே வட்டியில்லாக் காலம் பறிபோய்விடுகிறது. வட்டி மார்ச் 12-லிருந்தே எண்ணப்படும்.

அப்படி எண்ணுவதிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று, கட்டிய நாள் வரை முழு 40,000-க்கும் வட்டி: 49 நாளுக்கு 2,416 ரூபாய், அதன்பின் 5,000-க்கு மே 10 வரை 10 நாளுக்கு 62 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து ஏறக்குறைய 2,924 ரூபாய். இன்னொன்று, கட்டியதைக் கழித்துவிட்டு மீதி 5,000-க்கு மட்டும் மார்ச் 12 முதல் மே 10 வரை 59 நாள்: 364 ரூபாய், ஜிஎஸ்டியோடு 429. ஒரே கடன், ஒரே தேதி. வித்தியாசம் ஏறத்தாழ 2,500 ரூபாய். உங்கள் வங்கி எந்த முறையில் போடுகிறது என்பது கார்டோடு வந்த முக்கிய விதிமுறைகள் தாளில் உதாரணக் கணக்காக இருக்கும். வங்கியின் இணையதளத்திலும் கிடைக்கும். பொடி எழுத்துதான், ஆனாலும் அந்த ஒரு பக்கத்தைப் படியுங்கள். ரிசர்வ் வங்கி விதிமுறைகளின் வாசகம், செலுத்திய தொகை, ரீஃபண்ட், திரும்பிய பரிவர்த்தனை இவற்றைச் சரிக்கட்டிய நிலுவைக்கு மட்டுமே வட்டி என்பது. புகார் எழுதும்போது இந்த வாசகம் கைகொடுக்கும்.

மினிமம் டியூ என்ற பொறி

ஒரு லட்சம் நிலுவை, 3.75% வட்டி, அபராதம் வராமலிருக்கக் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை (மினிமம் டியூ) 5% என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டியும் வரியும் 4,425. இப்போது கணக்கில் இருப்பது 1,04,425. அதில் 5% என்றால் 5,221. கட்டிவிட்டீர்கள். அசல் எவ்வளவு குறைந்தது? 796 ரூபாய்.

இதே வேகத்தில், புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காமல், மாதா மாதம் மினிமம் மட்டும் கட்டினால் ஒரு லட்சம் 50,000 ஆகக் குறைய 87 மாதம் ஆகும். ஏழு வருடத்துக்கு மேல். முடிவதற்கு அல்ல, பாதியாவதற்கு.

இதே ஒரு லட்சத்தை ஆண்டுக்கு 18% வட்டியில் 24 மாத இஎம்ஐ ஆக மாற்றினால் மாதத் தவணை 4,992. முதல் மாத வட்டியின் ஜிஎஸ்டி 270 சேர்த்தால் 5,262. மினிமம் டியூவாக ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் 5,221-க்கும் இதற்கும் 41 ரூபாய்தான் வித்தியாசம். ஒன்று ஏழு வருடத்தில் பாதி, இன்னொன்று இரண்டு வருடத்தில் முழுசாக முடிகிறது. "இஎம்ஐ கட்ட வசதியில்லை, அதனால் மினிமம் கட்டுகிறேன்" என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

படி 1: கார்டைத் தேய்ப்பதை நிறுத்துங்கள், ஆட்டோ டெபிட்களை மாற்றுங்கள்

நிலுவை இருக்கும் கார்டில் புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டாலும் அன்றே வட்டி தொடங்கும். ரிவார்டு பாயின்ட் 1% கிடைக்கிறதே என்று தேய்த்தால், மாதம் 4.4% கொடுத்து 1% வாங்குகிறீர்கள்.

தாங்களாகவே கழியும் செலவுகளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஓடிடி சந்தா, மொபைல் போஸ்ட்பெய்டு, கேஸ் பில், இன்ஷூரன்ஸ் பிரீமியம், பிள்ளைகளின் கேம் சந்தா. கடைசி மூன்று ஸ்டேட்மென்ட்டை விரித்து, ஒவ்வொரு மாதமும் ஒரே பெயரில் வருபவற்றை அடிக்கோடிட்டு, டெபிட் கார்டுக்கோ யுபிஐ ஆட்டோபேக்கோ மாற்றுங்கள். ஆப்பில் ஆன்லைன் பரிவர்த்தனையை அணைத்துவிடலாம். பழைய ஆட்டோ டெபிட் ஒன்று நிராகரிக்கப்படும்போது எதை மறந்தீர்கள் என்று தெரிந்துவிடும். இன்ஷூரன்ஸை மட்டும் முன்கூட்டியே மாற்றுங்கள். பாலிசி காலாவதியாகி விஷயம் தெரியவருவது நல்லதல்ல.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அதற்கு எந்தக் காலத்திலும் வட்டியில்லா நாள் கிடையாது. எடுக்கும் கட்டணம், ஜிஎஸ்டி, அன்றிலிருந்தே வட்டி என்று மூன்றும் சேர்ந்து வரும்.

படி 2: ஒரு தாளில் எழுதுங்கள்

ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு வரி: மொத்த நிலுவை, மாத வட்டி, ஸ்டேட்மென்ட் தேதி, டியூ டேட், ஏற்கெனவே ஓடும் இஎம்ஐ, அதில் மீதி எத்தனை மாதம். மொத்த நிலுவையை இரண்டாகப் பிரியுங்கள்: பொருள் வாங்கியது எவ்வளவு, வட்டி, வரி, அபராதம் எவ்வளவு. பொதுவாக வட்டியையும் கட்டணங்களையும் ஏடிஎம்மில் எடுத்த பணத்தையும் இஎம்ஐ ஆக மாற்ற மாட்டார்கள் என்பதால் இந்தப் பிரிப்பு தேவை. தங்க நகை வாங்கியதற்கும் இஎம்ஐ கிடைக்காது.

படி 3: கடனை எங்கே மாற்றுவது

கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மலிவானதிலிருந்து தொடங்குவோம்.

ஃபிக்சட் டெபாசிட் இருக்கிறதா? அதை உடைப்பதா, அதன்மேல் கடன் வாங்குவதா என்று யோசிப்பதற்கு முன், ஒரு கையில் 7% வாங்கிக்கொண்டு மறு கையில் 53% கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். கடன் சிறியதென்றால் உடைத்துக் கட்டிவிடுங்கள். டெபாசிட் முடிய இன்னும் சில மாதம்தான் என்றால், அதன்மேல் கடன் வாங்கலாம். டெபாசிட் வட்டியைவிட 1 முதல் 2% கூடுதலாகத்தான் இருக்கும், தொகையில் 90% வரை தருவார்கள். "பிள்ளை படிப்புக்குப் போட்டது, தொட மாட்டேன்" என்பது மனசுக்குச் சரி, கணக்குக்குச் சரியல்ல.

எல்ஐசி போன்ற பழைய பாணி எண்டோமென்ட் பாலிசி சில வருடம் ஓடியிருந்தால் சரண்டர் மதிப்பின்மேல் (பாலிசியைப் பாதியில் ஒப்படைத்தால் கிடைக்கும் தொகை) கடன் கிடைக்கும். சம்பளச் சான்று, ஸ்கோர் எதுவும் கேட்பதில்லை. தவணைக் கட்டாயம் இல்லாததே இதன் ஆபத்து. கட்டாமல் விட்டால் வட்டி அசலோடு சேர்ந்து பாலிசியைத் தின்றுவிடும். பிபிஎஃப் கணக்கு தொடங்கி மூன்றாவது நிதியாண்டிலிருந்து ஆறாவது நிதியாண்டு வரைதான் கடன் வசதி உண்டு, பிபிஎஃப் வட்டிக்கு மேல் 1%. தொகை சிறியதாகத்தான் இருக்கும்.

நகைக்கடன். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் கைக்கெட்டும் வழி இதுதான். வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ ஆண்டுக்குச் சுமார் 9 முதல் 12% வட்டியில் கிடைக்கும். தனியார் நிதி நிறுவனங்களில் திட்டத்தைப் பொறுத்து இது இரட்டிப்பாகவும் ஆகலாம். ஒரு லட்சத்துக்கு 10% என்றால் வருடத்துக்கு 10,000, ஜிஎஸ்டி இல்லை. கார்டில் 53,100. வைப்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு, இடையில் கொஞ்சம் கொஞ்சமாக அசல் கட்டலாமா, வருட முடிவில் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்க முடியுமா. மூன்றாவது கேள்வியில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அசலையும் சேர்த்துக் கட்டி மீட்டால்தான் மறுபடி வைக்க முடியும் என்று வங்கி சொன்னால், அந்த ஒரு நாளுக்குப் பணம் புரட்ட வெளியே வட்டிக்கு ஓட வேண்டிவரும். நகையை வைத்துவிட்டு, கார்டில் கட்டிக்கொண்டிருந்த அதே மாதத் தொகையை நகைக்கடனில் கட்டி வாருங்கள். நகை வங்கியில் இருக்கிறது, கார்டும் காலி என்று நிம்மதியாகிவிட்டால் அடுத்த வருடம் இரண்டு கடன் இருக்கும்.

தனிநபர் கடன். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் முதலில் கேளுங்கள். இங்கேதான் ஜிஎஸ்டி கணக்கு வருகிறது. கார்டு இஎம்ஐ 16% என்கிறார்கள், தனிநபர் கடன் 18% என்கிறார்கள். கார்டு மலிவு போலத் தெரியும். 16-க்கு 18% வரி சேர்த்தால் 18.88. தனிநபர் கடனே கொஞ்சம் மலிவு. பிராசசிங் ஃபீஸை இரண்டிலும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே வாரத்தில் ஐந்து ஆறு இடத்தில் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகும்.

கார்டு இஎம்ஐ. வேறெதுவும் இல்லாவிட்டால் இது, இதன் விவரம் அடுத்த படியில்.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர். இன்னொரு வங்கியின் கார்டுக்குக் கடனை மாற்றுவது. 80,000 ரூபாயை மூன்று மாதம் வட்டியில்லாமல், 2% கட்டணத்துக்கு மாற்றினால் கட்டணமும் ஜிஎஸ்டியும் 1,888. பழைய கார்டில் அதே மூன்று மாதம் 10,620. அருமையான சலுகைதான், மூன்று மாதத்துக்குள் 80,000 கட்ட முடியுமானால் மட்டும். முடியாவிட்டால் நான்காவது மாதம் புதுக் கார்டின் முழு வட்டி விழும். புதுக் கார்டில் வேறெதுவும் வாங்கக் கூடாது. பழைய கார்டின் லிமிட் காலியாகிவிடும். அதுதான் மிகப்பெரிய சபலம், லிமிட்டை அன்றே குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, முகவரி தெரியாத லோன் ஆப் ஆகியவை இந்த வரிசையிலேயே இல்லை. கார்டு வட்டி கொடுமைதான். ஆனால் அதற்கு ஸ்டேட்மென்ட் உண்டு, குறைதீர்க்க அதிகாரி உண்டு. மீட்டர் வட்டிக்கு இரண்டும் இல்லை. அதிக வட்டி வசூலைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது, ஆனாலும் வாசலில் வந்து நிற்பவரிடம் சட்டப் பிரிவைச் சொல்லிக் காலம் தள்ள முடியாது.

படி 4: கார்டு இஎம்ஐ ஆக மாற்றும்போது கேட்க வேண்டியவை

எப்போது கேட்பது என்பது முதல் விஷயம். ஸ்டேட்மென்ட் வந்த பிறகு, டியூ டேட்டுக்கு நான்கைந்து நாள் முன்பாக. டியூ டேட் தாண்டி ஒருமுறை பாக்கி விழுந்துவிட்டால் பல கார்டுகளில் அந்தத் தெரிவே ஆப்பிலிருந்து மறைந்துவிடும். "கஷ்டம் வந்ததும் கேட்போம்" என்று காத்திருப்பவர்களுக்குக் கதவு மூடியிருப்பதன் காரணம் இது.

கையில் ரொக்கம் ஏதாவது இருந்தால் அதை முதலில் கார்டில் கட்டிவிட்டு, மீதியை மாற்றுங்கள். மாற்ற முடியாத வட்டி, கட்டணப் பகுதியையும் அந்த டியூ டேட்டுக்குள் முழுசாகக் கட்டிவிட வேண்டும். இதை விட்டுவிட்டு 90,000-ஐ இஎம்ஐ ஆக்கிவிட்டோம் என்று இருந்தால், வெளியே கிடக்கும் 6,000-க்குப் பழைய வட்டி தொடர்ந்து ஓடும். வட்டியில்லாக் காலமும் திரும்பாது.

போனில் இப்படிக் கேளுங்கள்:

"மேடம், என் ஸ்டேட்மென்ட் நிலுவைய இஎம்ஐயா மாத்தணும். வருஷ வட்டி எவ்வளவு? குறையுற அசலுக்கா, ஃபிளாட்டா? பிராசசிங் ஃபீஸ் எவ்வளவு, அது முதல் மாசமே வருமா? இடையில மொத்தமா முடிச்சா எவ்வளவு பிடிப்பீங்க? இதையெல்லாம் எஸ்எம்எஸ்லயோ மெயில்லயோ அனுப்புங்க, பாத்துட்டு ஓகே சொல்றேன்."

கடைசி வரி கட்டாயம். அசல், வட்டி, தள்ளுபடி இருந்தால் அது, எல்லாவற்றையும் மாற்றும் முன்பே பிரித்துக் காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. போனில் "ஓகே" என்று சொல்லிவிட்டு ஓடிபி கொடுத்த பிறகு வாதாட முடியாது.

ஃபிளாட் வட்டியைப் பற்றி ஒரு கணக்கு. "மாதம் வெறும் 1%தான் சார்" என்பார்கள். ஒரு லட்சத்துக்கு 24 மாதம், ஃபிளாட் 1% என்றால் மொத்த வட்டி 24,000, தவணை 5,167. நீங்கள் அசலை மாதா மாதம் திருப்பிக்கொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசல் கணக்கில் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 21.6%. அதன்மேல் ஜிஎஸ்டி. 12% என்று நினைத்து ஒப்புக்கொண்டிருப்பீர்கள்.

மாற்றிய பின் நடப்பவை சில. இஎம்ஐ தவணை முழுவதும் அந்த மாத மினிமம் டியூவில் சேரும், ஆகவே மினிமம் திடீரென்று உயர்ந்ததாகத் தோன்றும். மாற்றிய தொகை அளவுக்கு லிமிட் முடங்கியே இருக்கும், தவணை கட்டக் கட்டத்தான் விடுபடும். நடுவில் முடித்தால் மீதி அசலில் 3% போல முன்முடிப்புக் கட்டணம் பல வங்கிகளில் உண்டு. ஆறே மாதத்தில் போனஸ் வரப்போகிறது என்றால் 24 மாதத்துக்குப் போடாமல் 6 மாதத்துக்கே போடுங்கள்.

படி 5: கட்டும் நாளை முன்னால் இழுங்கள்

நிலுவை உள்ள கார்டுக்கு டியூ டேட் என்பது அபராதத்துக்கான தேதி மட்டுமே. வட்டி தினமும் ஓடுகிறது. சம்பளம் 1-ம் தேதி வந்து, 20-ம் தேதி டியூ என்று காத்திருந்து 20,000 கட்டினால், அந்த 19 நாளுக்கு 468 ரூபாய் வட்டியும் 84 ரூபாய் வரியும் சும்மா போகிறது. 1-ம் தேதியே கட்டுங்கள். மாதத்தில் இரண்டு மூன்று தரமாகக் கட்டினாலும் தடையில்லை.

ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன் கட்டிய தொகையை அந்தச் சுற்றின் மினிமமாகச் சில வங்கிகள் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே ஸ்டேட்மென்ட் வந்ததும் மினிமம் எவ்வளவு மீதம் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்றாம் நபர் ஆப் வழியாகக் கட்டினால் வரவாக ஓரிரு நாள் ஆகலாம், கடைசி நாளில் அந்த வழி வேண்டாம்.

தவறிவிட்டால் பதற வேண்டாம். டியூ டேட் தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமத அபராதம் போடலாம், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்துக்குப் பாக்கி என்று தெரிவிக்கலாம். மூன்று நாளுக்குள் கட்டியும் அபராதம் வந்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். வட்டிக்கு இந்தச் சலுகை இல்லை.

பல கார்டு இருந்தால் எல்லாவற்றிலும் மினிமம் கட்டிவிட்டு, மிச்சம் முழுவதையும் அதிக வட்டிக் கார்டில் போடுங்கள். இரண்டுக்கும் ஒரே வட்டியென்றால் சிறிய நிலுவையை முதலில் முடியுங்கள். ஒரு டியூ டேட் குறைந்தாலே தவறுவது குறையும்.

படி 6: முழுசாகக் கட்டிய பிறகும் வரும் வட்டி

"மொத்தம் 50,000 இருந்தது, பைசா பாக்கியில்லாமல் கட்டிவிட்டேன், அடுத்த மாதம் 1,309 ரூபாய் வந்திருக்கிறது!" மிக அதிகமாகக் கேட்கும் ஆதங்கம் இதுதான். முன்பே பாக்கி ஓடிக்கொண்டிருந்த கார்டென்றால் இது பெரும்பாலும் தவறில்லை. ஸ்டேட்மென்ட் 10-ம் தேதி அச்சாகிறது, நீங்கள் 28-ம் தேதி கட்டுகிறீர்கள். இடைப்பட்ட 18 நாளுக்கு 50,000-க்கு வட்டி சுமார் 1,110, ஜிஎஸ்டி சுமார் 200. அது அடுத்த ஸ்டேட்மென்ட்டில்தான் தெரியும்.

கார்டை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிட்டால் அந்த 1,309-க்கு மேல் அபராதம் ஏறி, சிபிலில் பாக்கி என்று பதிவாகும். முழுத்தொகை கட்டிய பிறகு இரண்டு ஸ்டேட்மென்ட் வரை பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக வந்த பிறகுதான் முடிந்தது.

மூடுவதென்றால் அப்போது எழுத்தில் கேளுங்கள். நிலுவை இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பாக்கியில்லாச் சான்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

வங்கியே போன் செய்து "செட்டில்மென்ட்" என்றால்

மாதக்கணக்கில் கட்டாமல் விட்டவர்களுக்கு "ஒரு லட்சத்துக்கு 45,000 கட்டி முடிச்சிடலாம்" என்று அழைப்பு வரும். பணம் மிச்சம்தான். சிபில் அறிக்கையில் "குளோஸ்டு" என்பதற்குப் பதில் "செட்டில்டு" என்று நிற்கும். நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது அந்த ஒரு சொல் முன்னால் வந்து நிற்கும். வேறு வழியே இல்லையென்றால் செய்யுங்கள். ஆனால் தொகை, கடைசித் தேதி, அதன்பின் எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகம் மூன்றும் உள்ள கடிதம் வங்கியின் பெயரில் கைக்கு வந்த பின் கார்டு கணக்கில் மட்டுமே கட்டுங்கள். வசூலுக்கு வருபவரின் சொந்த யுபிஐக்கு ஒரு ரூபாயும் போடக் கூடாது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் முகவர் அழைக்கக் கூடாது. அழைத்தால் நேரத்தோடு குறித்து வையுங்கள்.

கணக்கு தப்பு என்றால்

வட்டி விகிதம் அதிகம் என்பது புகாராக எடுபடாது, அது வங்கியின் வணிக முடிவு. கணக்கிட்ட விதம் தவறு என்பது எடுபடும். பிடிபடும் தவறுகள்: டியூ டேட்டுக்கு முன் வந்த ரீஃபண்டைக் கட்ட வேண்டிய தொகையில் கழிக்காதது, மூன்று நாளுக்குள் கட்டியும் அபராதம், அபராதத்தை மீதிப் பாக்கிக்குப் போடாமல் மொத்த பில்லுக்குப் போட்டது, கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டது, ஒரு மாத முன்னறிவிப்பு இல்லாமல் கட்டணத்தை உயர்த்தியது.

மெயிலைச் சுருக்கமாக எழுதுங்கள்:

"ஏப்ரல் 10 ஸ்டேட்மென்ட்டில் மொத்தம் ரூ. 40,000. ஏப்ரல் 30-ல் ரூ. 35,000 செலுத்தினேன். மே 10 ஸ்டேட்மென்ட்டில் வட்டி ரூ. 2,478 போடப்பட்டுள்ளது. எந்தத் தொகைக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாளுக்கு என்று வரி வரியாகப் பிரித்துத் தரவும். செலுத்திய தொகையைச் சரிக்கட்டிய நிலுவைக்கே வட்டி என்ற ரிசர்வ் வங்கி விதிமுறைப்படி மறுகணக்கிட்டு வித்தியாசத்தைத் திருப்பி வரவு வைக்கவும்."

கோபம், பழைய கதை, சமூக வலைதள மிரட்டல் எதுவும் வேண்டாம். புகார் எண் வாங்குங்கள். முதல் பதில் அநேகமாக அச்சடித்த பதிலாக இருக்கும். அதையே இணைத்து வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்புங்கள், அவர் முகவரி ஸ்டேட்மென்ட்டின் பின்பக்கத்தில் இருக்கும். முதல் புகாரிலிருந்து 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். 2021 நவம்பரிலிருந்து எல்லா வங்கிக்கும் ஒரே வாசல்: ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். உதவிக்கு 14448. வங்கியிடம் முதலில் எழுதாமல் நேராகப் போனால் மனு அப்போதே தள்ளுபடி.

புகார் நடக்கும்போது மினிமத்தைக் கட்டாமல் விடாதீர்கள். சண்டையில் இருக்கும் 2,000 ரூபாய்க்காகப் பாக்கி நாள் ஏறிக்கொண்டே போனால், கடைசியில் வங்கி வட்டியைத் திருப்பித் தந்தாலும் கிரெடிட் அறிக்கையில் விழுந்த கோடு தானாக அழியாது. அதை நீக்கச் சொல்லி தனியாக இன்னொரு மனு போட வேண்டும். அதற்கு 30 நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடமும் வருடத்துக்கு ஒருமுறை இலவச அறிக்கை கிடைக்கும். கார்டை முடித்து இரண்டு மாதம் கழித்து ஒன்றை எடுத்து, நிலுவை 0 என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.